நோட்டன் பிரிட்ஜிலிருந்து கானாவூர் வரை

இலங்கையின் மலையகத் தமிழர், கூலிக்காகக் கடல் தாண்டிய சமூகம். அதன் தம்பதியர் இன்று வேண்டுதலுக்காகக் கடல் தாண்டுகிறார்கள். மலையகத்திலிருந்து புனித பூமிக்குச் செல்லும் யாத்திரை என்ன தருகிறது, என்ன கேட்கிறது?

சிறப்புக் கட்டுரை

கலியாண வீட்டில் இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கியதாக வேதம் சொல்லும் கலிலேயாவின் கானாவூர். நாசரேத்துக்குப் பக்கத்து ஊர். ஒடுங்கிய தெருவின் இருபுறமும் திராட்சை இரசப் போத்தல்களை அடுக்கி வைத்த கடைகள். ஓரத்தில் மாதுளம்பழம் பிழிந்து விற்கிறார்கள். பிரான்சிஸ்கன் துறவிகள் பராமரிக்கும் திருமணக் கோவிலுக்குள் யாத்திரைக் குழு நுழைகிறது. குருவானவர் தம்பதியரை மட்டும் பீடத்துக்கு முன்னால் வரச் சொல்கிறார். முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் சொன்ன வாக்குறுதியை வலது கையைப் பற்றிக்கொண்டு மறுபடியும் சொல்ல வேண்டும். ஊரில் நாலு பேர் பார்க்கக் கணவன் கையைப் பிடித்து அறியாத பெண்கள் முதலில் சேலைத் தலைப்பைச் சரிசெய்கிறார்கள். பிறகு கையை நீட்டுகிறார்கள். வாக்குறுதி முடிந்ததும் பெயர் எழுதிய சான்றிதழ் ஒன்று கைக்கு வருகிறது.

கானாவூரில் வழக்கமாக நடக்கும் சடங்கு இது. உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் தம்பதியர் வந்து இங்கே நிற்கிறார்கள். ஆனால் தேயிலைக் கறை விரல் இடுக்கில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஒரு கை நீளும்போது, அதற்குப் பின்னால் இருநூறு வருட வரலாறும் நிற்கிறது. அந்தக் கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜின் கையாகவோ, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவையின் கையாகவோ இருக்கலாம்.

பிழைப்புக்காகவே கடல் தாண்டியவர்கள்

மலையகத் தமிழரின் பயணங்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், அவற்றில் விரும்பிப் போன பயணம் ஒன்றைக் கண்டுபிடிப்பது கடினம். 1823 முதல் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னால் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை. 2023இல், இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தது அந்தப் பெயரில்லாதவர்களுக்காகத்தான்.

அடுத்த பயணமும் அவர்களைக் கேட்டு நடக்கவில்லை. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரம் சென்ற கப்பலில் ஏறியவர்கள் அண்ணனையும் தங்கையையும் கரையில் விட்டுவிட்டுப் போனார்கள். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை முடிய 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதன் பின்னர் கிடைத்த கடவுச்சீட்டும் பெரும்பாலும் பிழைப்புக்கே பயன்பட்டது. வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போன பெண்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச் சென்றார்கள். கணவன் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், மனைவி குவைத்தில். அல்லது மனைவி மலையில் கொழுந்தெடுக்க, கணவன் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்கும் பகல் பிரிந்தே இருந்தது. வேலை பிரிக்கும் காலைப் பிரட்டுக்களத்தில் பேர் பதிந்ததும் பெண் மலைக்கும் ஆண் கவ்வாத்துக்கோ தொழிற்சாலைக்கோ போவதுதான் தோட்டத்து ஒழுங்கு.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் புனித பூமி யாத்திரை தனித்துத் தெரிகிறது. யாரும் அனுப்பாமல், எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாமல், கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து போகிற அரிய கடல் தாண்டல் இது. பெற்றோருக்கு நாடு இருக்கவில்லை. பிள்ளைகள் குடிவரவு அதிகாரியின் முன் தங்கள் நாட்டுக் கடவுச்சீட்டை நீட்டுகிறார்கள். பயணத்தின் நோக்கம் என்னவென்று கேட்டால் தொழில் என்று சொல்லத் தேவையில்லை. இந்த ஆசையை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேதமும் நடந்து வந்தது

காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து வரும் தண்ணீரில் விமலசுரேந்திர மின்நிலையம் சுழலும் சிற்றூர் நோட்டன் பிரிட்ஜ். அந்த நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி டிக்கோயாவில் நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் தோட்டத் துரைமார்களுக்காகக் கட்டப்பட்டது. தொழிலாளரிடையே வேதம் வேறு வழியாக வந்தது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசிமார்களை வரவழைத்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பியது. கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா படத்தையும் அந்தோனியார் படத்தையும் மூட்டைக்குள் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தன. இன்று தோட்டத்தின் ஒரு டிவிசனுக்குள்ளேயே கத்தோலிக்கச் சிற்றாலயம், அங்கிலிக்கன் அல்லது மெதடிஸ்த சபை, பெந்தெகொஸ்தே ஜெபவீடு எல்லாவற்றையும் காணலாம்.

யாத்திரையும் இவர்களுக்குப் புதிதில்லை. ஆவணி மாதத்தில் மடு மாதா, கொச்சிக்கடை அந்தோனியார், தலவில அன்னம்மாள் என்று பஸ் பிடித்தும், வசதி வந்தால் வேளாங்கண்ணிக்கும் போய் வந்தவர்கள்தான். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் கடலைக் கடந்த யாத்திராகமக் கதை, லயத்துக் கிறிஸ்தவருக்கு வெறும் பழங்கதையாக இருந்ததில்லை. அதில் வரும் மேற்பார்வையாளர்களையும் கணக்கு வைத்துக் கேட்கும் செங்கலையும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பெட்டிச் செய்தி: ஆதாமின் மலையும் மோசேயின் மலையும்

நோட்டன் பிரிட்ஜ் வட்டாரத்துக்கு மேலே எழும் சிவனொளிபாத மலையின் உயரம் 2,243 மீற்றர். மோசே பத்துக் கட்டளைகளைப் பெற்றதாக மரபு சொல்லும் எகிப்தின் சீனாய் மலை 2,285 மீற்றர். வித்தியாசம் 42 மீற்றர்தான். இரண்டிலும் யாத்திரிகர் நள்ளிரவில் ஏறத் தொடங்கி உச்சியில் சூரிய உதயத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

பௌத்தருக்குப் புத்தர் பாதம், இந்துக்களுக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. கிறிஸ்தவரில் சிலர் ஆதாமையும், போர்த்துக்கீசர் காலத்தில் சிலர் புனித தோமாவையும் இம்மலையோடு இணைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் திருத்தந்தையின் தூதராகச் சீனா சென்று, திரும்பும் வழியில் கொல்லத்தையும் மயிலாப்பூரையும் பார்த்துவிட்டு இலங்கை வந்த பிரான்சிஸ்கன் துறவி ஜோன் மரிஞ்ஞொல்லி, இங்கிருந்து ஏதேன் தோட்டம் நாற்பது மைல்தான் என்றும், அதன் நீரூற்றுகளின் ஓசை கேட்கும் என்றும் இவ்வூரார் நம்பியதை எழுதி வைத்தார்.

அங்கே காண்பது என்ன?

தென்னாசியக் குழுக்கள் பல ஒரே சுற்றில் ஜோர்தான், இஸ்ரேல், பாலஸ்தீனம், எகிப்து ஆகியவற்றைப் பார்த்துவிடுகின்றன. நேபோ மலையில் நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தூரத்தில் பார்ப்பது, யோர்தான் ஆற்றில் இறங்குவது, கலிலேயாக் கடலில் படகு, பெத்லகேம், எருசலேம், கடைசியில் சீனாய். கலிலேயாக் கடல் கடல்மட்டத்துக்கு 200 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. சாக்கடல் 400 மீற்றருக்கும் கீழே. மலையில் பிறந்து மலையில் வளர்ந்தவர்கள் பூமியின் மிகத் தாழ்ந்த கரையில் போய் நிற்கிறார்கள். குளிருக்குப் பழகிய உடம்புக்கு அந்த வெயில் கடுமையான சோதனை. ஏற்றம் ஏறுவதில் மட்டும் இவர்களுக்கு இணையில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் நல்லதண்ணியிலிருந்து ஏறிப் பழகிய முழங்கால், சீனாயின் 3,750 பாவமன்னிப்புப் படிகளைக் கண்டு மலைப்பதில்லை.

பெத்லகேமின் பிறப்பிட ஆலயத்துக்குள் நுழைய ஆளுயர வாசல் கிடையாது. ஏறத்தாழ நாலடி உயரமே உள்ள கல் வாசலில் எல்லோரும் குனிந்துதான் போக வேண்டும். கொன்ஸ்தந்தீன் மன்னன் காலத்தில் எழுப்பப்பட்டு, 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் மறுபடி கட்டப்பட்ட ஆலயம் அது. கீழே குகையில் பதினான்கு முனைகள் கொண்ட வெள்ளி நட்சத்திரம். மாட்டுத் தொழுவத்தை அட்டைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள், அது பாறைக் குகை என்பதை அங்கேதான் உணர்கிறார்கள்.

எருசலேமில் திருக்கல்லறை ஆலயம் இன்னொரு பாடம். கிரேக்கர், இலத்தீனர், ஆர்மேனியர், கொப்டிக்கர், சீரியர், எத்தியோப்பியர் என்று ஆறு திருச்சபைகள் அதைப் பகிர்கின்றன. ஒரு விளக்கை நகர்த்துவதற்கும் பழைய ஒழுங்கு உண்டு. வாசல் சாவியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பது இரண்டு முஸ்லிம் குடும்பங்கள்: சாவியை வைத்திருப்பது ஜூதே குடும்பம், கதவைத் திறப்பது நுசைபே குடும்பம். ஒரே தோட்டத்தில் கோவிலும் பள்ளிவாசலும் ஆலயமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த மலையகத்தாருக்கு இது விளங்காத விஷயமல்ல.

ஒலிவ மலையில் கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்கான ஆலயத்தின் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்த ஜெபம் ஓடுகளில் பதிக்கப்பட்டிருக்கிறது. தமிழும் அங்கே இருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்து வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள், அந்தச் சுவரின் முன் நின்று தங்கள் மொழியைச் சத்தமாக வாசிக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: யாத்திரை போன ஓர் உரோமைத் தம்பதி

கணவனும் மனைவியுமாகப் புனித பூமி செல்வது மிகப் பழைய வழக்கம். உரோமையின் பெருஞ்செல்வக் குடும்பத்தில் பிறந்த இளைய மெலானியாவும் அவர் கணவர் பினியானுசும் பெற்ற இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தார்கள். சொத்துகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான அடிமைகளை விடுவித்தார்கள். ஆபிரிக்கா வழியாகப் பயணித்து 417இல் எருசலேமை அடைந்தார்கள். கணவரின் மறைவுக்குப் பிறகும் மெலானியா ஒலிவ மலையில் மடங்களை எழுப்பி, 439இல் அங்கேயே இறந்தார்.

கணக்குப் புத்தகம் சொல்வது

இனி யாத்திரையின் மறுபக்கம். தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்தது. 2026 வரவுசெலவுத் திட்டம், அரசு தரும் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபாய் என்று அறிவித்தது. மாதம் இருபத்தைந்து பேர் (வேலைநாள்) விழுந்தாலும் 43,750 ரூபாய்தான். அத்தனை பேர் விழும் தோட்டங்களே குறைவு.

ஆளுக்கு 2,000 டொலர் செலவாகும் ஒரு யாத்திரையை எடுத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். அப்போது நான்கு இலட்சம். அதே ஆண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாயைத் தாண்டியது. ஏழு இலட்சத்துக்கும் மேல். 300 ரூபாய்க் கணக்கில் ஆறு இலட்சம். இருவருக்கும் பன்னிரண்டு இலட்சம் என்றால், ஒரு தொழிலாளியின் இரண்டு வருடத்துக்கும் மேலான முழுச் சம்பளம். அந்த இரண்டு வருடமும் அரிசி, மா, பிள்ளையின் படிப்பு, மருந்து எதுவும் இல்லாமல் இருந்தால்தான் அது மிஞ்சும்.

அப்படியானால் போகிறவர்கள் யார்? ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர், கடை முதலாளிகள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள். இவர்களோடு, ஊழியர் சேமலாப நிதி கைக்கு வந்ததும் அதில் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் தொழிலாளத் தம்பதியரும் உண்டு. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கிடைக்கும் அந்தப் பணம், வாழ்நாள் உழைப்பின் பெரிய மொத்தத் தொகை. வீட்டுக் கூரை, மகளின் கலியாணம், மகனின் கடன் எல்லாம் அதன் மேல் கண் வைத்திருக்கின்றன. சீட்டுப் பிடித்துச் சேர்த்தால் பாதுகாப்பு. நகையை அடகு வைத்தும் நுண்கடன் வாங்கியும் போனால், திரும்பி வந்ததும் வட்டி வாசலில் நிற்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் குலைத்துப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு லயங்களையும் வீதிகளையும் கொண்டுபோனது. பக்கத்து லயம் மண்ணுக்குள் கிடக்கும்போது யாத்திரைக்குப் பணம் கட்டலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியை ஆயுள் முழுக்க உழைத்த தம்பதியிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. அவர்கள் ஒருமுறை போகிறார்கள். மண்சரிவு அபாயத்தில் உள்ள லயங்களை மாற்றிக் கட்டும் பொறுப்பு தலைமுறைகளாக வேறு கைகளில் இருக்கிறது.

பெட்டிச் செய்தி: கடலுக்கு அப்பால் அரசு உதவி

தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களின் எருசலேம் புனிதப் பயணத்துக்கு அரசு நிதியுதவி தரும் திட்டம் ஜெயலலிதா ஆட்சியில் 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 500 பேர், ஆளுக்கு 20,000 இந்திய ரூபாய் என்று தொடங்கியது, பின்னர் 37,000 ரூபாயாக உயர்ந்தது. அருட்சகோதரிகளுக்கு 60,000 ரூபாய். ஆந்திராவில் 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு, ஆண்டு வருமானம் மூன்று இலட்சத்துக்குக் குறைந்தோருக்கு 60,000 ரூபாயும் மற்றோருக்கு 30,000 ரூபாயும் வழங்க முடிவு செய்தது.

போரும் மூடிய வாசலும்

2023 ஒக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலுக்கும் அதையடுத்த காஸாப் போருக்கும் பிறகு யாத்திரைப் பேருந்துகள் நின்றுபோயின. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பெத்லகேமில் நத்தார்க் கொண்டாட்டம் கைவிடப்பட்டது. மாட்டுத்தொழுவச் சதுக்கத்தில் பெரிய மரம் ஒளிரவில்லை. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதியபோது வான்வழி மூடப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர்ப் போர்நிறுத்தத்தின் பின்னரே டிசம்பரில் மரம் மறுபடி ஒளிர்ந்தது.

முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த தம்பதிக்கு இது சேமிப்பின் இழப்பு. பெத்லகேமின் கிறிஸ்தவருக்கோ வாழ்க்கையின் இழப்பு. ஒலிவ மரத்தில் சிலுவையும் குடிலும் செதுக்குகிறவர், தங்குவிடுதி நடத்துகிறவர், வழிகாட்டி, பேருந்துச் சாரதி என்று அந்த ஊரே யாத்திரிகரை நம்பி வாழ்கிறது. யாத்திரிகர் வராத ஒவ்வொரு வருடமும் சில குடும்பங்கள் புலம்பெயர்கின்றன. தலைமுறைகளாக இயேசு பிறந்த ஊரில் வாழ்ந்தவர்கள் ஊரை விட்டுப் போவதைப் பற்றி, ஊரை விட்டுப் போவதன் வலி தெரிந்த மலையகத்தார் பேசாமல் இருக்கக் கூடாது. காஸாவில் குழந்தைகள் கொல்லப்பட்டதைக் காணாதவர்போல் புனிதக் கற்களை மட்டும் தொட்டுவிட்டு வருவது கிறிஸ்தவ யாத்திரை ஆகாது. 2019 ஏப்ரல் 21 அன்று, உயிர்த்த ஞாயிறு திருப்பலியில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும், வழிபாட்டு நேரத்தில் மட்டக்களப்பு சியோன் ஆலயத்திலும் நடந்த குண்டுத் தாக்குதல்களில் உறவுகளைப் பறிகொடுத்தது இலங்கைத் திருச்சபை. ஆலயத்துக்குள் சிந்தும் இரத்தம் எப்படிப்பட்டது என்பது அதற்குத் தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே இஸ்ரேலில் ஆயிரக்கணக்கான இலங்கையர் முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்கள். 2023 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் 10,000 இலங்கையருக்கு விவசாய வேலைக்கு வழி திறந்தது. வேலைக்கு ஆள் தேவைப்படும் நாடு என்பதால், யாத்திரை விசாவில் போய்த் தங்கிவிடும் முயற்சிகளும் நடக்கின்றன. 2023 பெப்ரவரியில் கேரளத்திலிருந்து சென்ற யாத்திரைக் குழுவில் சிலர் காணாமற்போனது பெரும் செய்தியானது. இப்படி நடக்கும்போதெல்லாம் விசாக் கெடுபிடி கூடுகிறது. வங்கிக் கணக்கில் பெரிய தொகை காட்ட முடியாத உண்மையான யாத்திரிகர்தான் அதில் முதலில் நசுங்குகிறார்.

திரும்பி வந்த பின்

யோர்தான் தண்ணீர்ப் போத்தல், ஒலிவ எண்ணெய், ஜெபமாலை எல்லாம் அயலாருக்குப் பங்கிடப்படும். ஆனால் யாத்திரையின் பலன் அதிகமாகத் தெரிவது வீட்டுக்குள். பத்துப் பதினைந்து நாட்கள் ஒரே மேசையில் ஒன்றாகச் சாப்பிடுவது, ஒருவர் களைத்தால் மற்றவர் பையைத் தூக்குவது, இரவில் அன்றைய நாளைப் பற்றிப் பேசுவது: இவை பல தோட்டத் தம்பதியருக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்து வாய்க்காதவை. விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டத் தொடங்கிய மனைவிக்கு வேறொருவர் சமைத்த காலைச் சாப்பாடு முன்னால் வந்து உட்காருகிறது. மனைவியின் வேலை எவ்வளவு என்பதைக் கணவன் அந்த ஓய்வில்தான் கண்ணால் காண்கிறான். கானாவூரில் பற்றிய கை லயத்து வாசலிலும் உதவிக்கு நீண்டால், அந்த யாத்திரை பலித்தது.

திருச்சபைகளுக்குச் சில வேண்டுகோள்கள்

கடனில் போகும் யாத்திரையை எந்தப் பங்கும் எந்தச் சபையும் ஊக்குவிக்கக் கூடாது. அதற்கு மாற்றாக, பல வருடச் சீட்டுப்போல மாதாமாதம் சிறு தொகை சேர்க்கும் யாத்திரை நிதியைப் பங்குகள் தொடங்கலாம். ஒவ்வொரு குழுவிலும் ஒரு தொழிலாளத் தம்பதியின் செலவை மற்றவர்கள் பகிர்ந்து சுமக்கலாம். போர் மூண்டால் முன்பணம் எப்படித் திரும்பும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு சதமும் கட்டக் கூடாது. பயண முகவரின் பதிவையும் முந்திய குழுக்களின் அனுபவத்தையும் விசாரிப்பது குருவானவரின் கடமையும் ஆகட்டும். பெத்லகேமில் பிரபல கடை வாசலில் மட்டும் பேருந்தை நிறுத்தாமல், அங்குள்ள பங்கு மக்களோடு ஒரு திருப்பலியும் ஒரு வேளைச் சாப்பாடும் பயணத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். இலங்கையின் கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களமும் தமிழ்நாட்டுத் திட்டம் போன்ற ஒன்றைக் குறைந்த வருமானத் தம்பதியருக்காக ஆராய வேண்டும்.

போக முடியாதவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிடப் போவதில்லை. மடுவுக்குப் போன கால்களும் வேளாங்கண்ணிக்குப் போன கால்களும் அதே கடவுளை நோக்கியே நடந்தன. ஆனால் நாட்டுக்குத் தேயிலை டொலர் தேடிக்கொடுத்து முதுகு வளைந்த தம்பதி, வாழ்வில் ஒரே ஒரு முறை தமக்காக ஒரு டொலர் கேட்கும்போது அது எட்டாத கனியாக இருப்பது அநீதி. அந்த அநீதியைச் சரிசெய்வது நடக்கக்கூடிய காரியம். நியாயமான சம்பளமும் ஒழுங்கான சேமிப்பும் பொறுப்புள்ள திருச்சபையும் இருந்தால், நோட்டன் பிரிட்ஜிலிருந்து கானாவூர் தூரமில்லை.